பிள்ளையார் எறும்பு போன தடம்

எங்க ஊருக்கு முதல்ல எறும்பு வந்துச்சு, அதுக்குப் பின்னாடி சாமி வந்துச்சு, டாக்டரம்மா எல்லாத்துக்கும் கடைசியாத்தான் வந்தாக. டாக்டரம்மா சொல்லித்தான் இலுப்பையேந்தலுக்குப் புத்தி வந்துச்சுன்னு வெளியூர்க்காரவுக பேசிக்கிட்டுத் திரியிறாக, அது சுத்தப் பொய், அவுக சொன்னப்ப நாங்க யாரும் காதுலயே வாங்கல.

என் பேரு ராக்கு. மந்தை ஓரத்துல பணியாரக் கடை போட்டிருக்கேன். என் பணியாரத்தைத் தின்னுட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல, சொன்னவனுக்கு மறுநாள் பணியாரம் கிடையாது. அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சாக்கு விரிச்சு அதுல என் மக பூமாரி. கைப்புள்ள. அழுகாது, புரளாது, போட்ட இடத்துல போட்டபடி கிடந்து கண்ணை மட்டும் உருட்டி உருட்டிப் பாக்கும். "குடுத்து வச்சவடி ராக்கு, எம் புள்ளையும் இருக்கே, ஒரு சட்டி சோறு ஆக்க விடுதா"ன்னு பணியாரம் வாங்க வர்றவளுக எல்லாம் பெருமூச்சு விடுவாளுக, நான் உடனே மொளகாயைச் சுத்தி அடுப்புல போடுவேன், ஊருக் கண்ணு பொல்லாததுல்ல.

ஊரு எல்லையில ஒரு கல்லு இருக்கு. வெளியூர்க் காளை அந்தக் கல்லைத் தாண்டி உள்ள வரக்கூடாது, சினை ஊசியும் வரக்கூடாது, எங்க பசு அத்தனைக்கும் மந்தைக்கருப்பருக்கு நேந்துவிட்ட கோயில்காளை ஒண்ணுதான் மாப்பிள்ளை, அது செத்துட்டா ஊரே தலையில துண்டு போட்டு அழுது மேளத்தோட அடக்கம் பண்ணிட்டு, அது போட்ட காளங்கன்னுலயே நல்லதா ஒண்ணைப் பிடிச்சுக் குளிப்பாட்டி, மாலை போட்டு, செத்ததோட பேரையே அதுக்கும் வச்சு, அதோட அக்கா தங்கச்சிக மேல அதையே விடுவோம். மாட்டுக்கு மட்டுமில்ல, எங்களுக்கும் அதே சட்டந்தான். அத்தை மகன், மாமன் மக, அதுவும் இல்லையா சொந்தத் தாய்மாமன், கல்லுக்கு உள்ளயே எடுத்துக் கல்லுக்கு உள்ளயே குடுப்போம். என் வீட்டுக்காரரு எனக்கு அத்தை மகன்தான். "நம்ம ரத்தம் நமக்குள்ள, அதுல ஒரு சொட்டு தண்ணி கலக்கப்படாது"ன்னு ஊருத் தலைவரு அம்பலம் வைரவன் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவாரு, நாங்களும் ஆமா சாமி போடுவோம்.

இதெல்லாம் நடந்தது மீனாள் தொழுவத்துல. என் கடைக்கு அடுத்த வீடு அவ வீடு. அவளைத் தாய்மாமனுக்குத்தான் கட்டிக் குடுத்திருந்தாக, ஒரு ஆம்பளப் புள்ள பிறந்துச்சு, தலை நிக்காமலே கிடந்துச்சு, ஒரு நாள் காலையில தொட்டில் முழுக்கக் கருகருன்னு எறும்பா இருந்துச்சு, புள்ள போயிருச்சு. பால் குடிச்ச வாயைத் துடைக்காம விட்டுட்டான்னு அவ மாமியா வாசல்ல நின்னு கத்துனது ஊருக்கே கேட்டுச்சு. அன்னையிலருந்து அவ பேரு மீனாள் இல்ல, எறும்புக்குக் குடுத்தவ. கட்டுனவன் திருப்பூருக்குப் போயிட்டான், பொங்கலுக்கு வந்து தலையக் காட்டிட்டுப் போவான். ஒரு காதுகுத்துல, ஒரு பேருவைப்புல அவ கையில யாரும் புள்ளையக் குடுக்க மாட்டோம். நானும் குடுக்க மாட்டேன், பக்கத்து வீடா இருந்தா என்ன, புள்ள விசயமாச்சே. அவளும் கேக்க மாட்டா, வெலகி நின்னு பூமாரியைப் பாப்பா, நான் முந்தானையை இழுத்து மூடிக்குவேன்.

அவளுக்குன்னு இருந்தது ஒரு செவலைப் பசு. அது தலைச்சங்கன்னு போட்டப்ப அவ சிரிச்சதைக் கண்ணால பாத்தேன், அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆச்சு. ஆனா கன்னு எந்திரிக்கல. பால் குடிக்குது, கண்ணு பளபளன்னு இருக்கு, உடம்பு கொழுகொழுன்னு இருக்கு, காலு மட்டும் தண்ணியில ஊறுன வைக்கோல் கணக்காத் துவளுது. மீனாள் விடுவாளா, சாக்கை வயித்துக்கு அடியில குடுத்து, விட்டத்துல கயித்தைக் கட்டித் தூக்கி நிறுத்தி, "நில்லு சாமி, ஒரு தரம் நின்னுரு, ஊருக்கு நம்ம யாருன்னு காட்டுவோம்"னு காலைக்கும் சாயங்காலத்துக்கும் அதுகிட்டக் கெஞ்சுவா. அவளுக்கு அந்தக் கன்னு நிக்கணும், அவ்வளவுதான், வேற ஒண்ணும் அவ சாமிகிட்டக் கேக்கல.

அப்பத்தான் எறும்பு வந்துச்சு. கடிக்கிற எறும்பு இல்ல, கருப்பா பொடிசா பிள்ளையார் எறும்பு. சுவத்தோரமா வரிசை பிடிச்சு வந்து கன்னைச் சுத்தி வட்டம் போட்டுச்சு, கன்னு மேல ஒண்ணுகூட ஏறல, அது கிடந்த மண்ணைப் பொடிப்பொடியாத் தூக்கிக்கிட்டுப் போச்சு. மீனாள் வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வெறி பிடிச்ச மாதிரி அடிக்கிறா, கூட்டுறா, மஞ்சத்தூளைக் கொட்டுறா, ஒண்ணுத்துக்கும் எறும்பு அசையல. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன், அவளைப் பிடிச்சு உக்கார வச்சேன், கீழ கிடந்த மண்ணு கையில ஒட்டுச்சு, பணியாரக்காரி புத்தி எங்க போகும், விரலை வாயில வச்சேன்.

வெல்லம். ஆத்தி, நயம் அச்சுவெல்லம்.

கன்னு கிடந்த மண்ணு இனிச்சதுல எங்க ஊருல யாருக்கும் பெருசா ஆச்சரியம் இல்ல, இம்புட்டு நாள் ஏன் இனிக்கலைன்னுதான் கேட்டாக. அம்பலம் வந்து ஒரு சிட்டிகை வாயில போட்டு, கண்ணை மூடிச் சப்புக் கொட்டி, "சுத்த ரத்தத்துக்குக் கருப்பரு குடுத்த கூலி"ன்னு சொன்னாரு, உடனே தொழுவத்துக்குப் பந்தல் விழுந்துச்சு, கன்னுக்கு மாலை விழுந்துச்சு, பேரு சக்கரைச்சாமின்னு ஆச்சு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள மண்ணை அள்ளித் தண்ணியில கரைச்சுத் துணியில வடிகட்டிக் காய்ச்சிப் பாகு எடுக்க ஊருல அத்தனை பொம்பளைக்கும் தெரிஞ்சு போச்சு, கல்யாணப் பாயாசம் அதுல, பொங்கல் அதுல, செட்டியார் கடையில சீனி மூட்டை புழு வைக்க ஆரம்பிச்சுச்சு, சக்கரை வியாதிக்காரவுக இது சாமி சக்கரை ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு கட்சியாவும் பண்ணும்னு ஒரு கட்சியாவும் பிரிஞ்சு டீக்கடையில சட்டையைப் பிடிச்சுக்கிட்டாக. என் பணியாரத்தைப் பத்திக் கேக்கவே வேண்டாம், பஸ்ஸுல இருந்து இறங்கி ஓடிவந்து வாங்கிட்டுப் போனாக, நானும் கூசாமப் பாகை ஊத்துனேன், இல்லேங்கல. மண்ணை அள்ள அள்ள அடுத்த மண்ணு இனிச்சுச்சு, பள்ளம் விழுந்தா கன்னை இடம் மாத்திப் போட்டாக, போட்ட இடம் பொழுது சாயிறதுக்குள்ள வெல்லமாச்சு.

மீனாள் மட்டும் ஒரு வாய் தின்னல. அவ பாட்டுக்குக் காலையில கயித்தை விட்டத்துல போட்டா. அம்பலம் வந்து கயித்தைப் பிடிச்சுக்கிட்டாரு.

"என்னத்தா பண்ற?"

"நிக்கவைக்கிறேன் மாமா."

"நின்னா இனிக்குமா?"

"நின்னா நடக்கும். நடந்தா மேயும். கன்னுக்குட்டி பின்ன எதுக்கு மாமா பிறக்குது?"

"கூறுகெட்டவளே, சாமி உக்காந்த இடத்துல இருந்து படியளக்குது, நீ தூக்கி நிறுத்தி விரட்டப் பாக்குறியா? ஏற்கெனவே ஒண்ணைத் தொலைச்ச கை."

கயித்தை அறுத்து எடுத்துட்டுப் போயிட்டாரு. சாக்கையும் ஒருத்தன் எடுத்துக்கிட்டான். ஊரே நின்னுச்சு, நானும் கையில கரண்டியோட நின்னேன். மீனாள் கன்னுகிட்டப் படுத்து அது கழுத்தைக் கட்டிக்கிட்டா. அதுக்கு மூச்சு இரைச்சுச்சு, நெஞ்சு திம்திம்முன்னு அடிக்கிறது பக்கத்துல நின்னவுகளுக்கே கேட்டுச்சு.

மீனாள் எப்படியோ சேதி சொல்லி அனுப்பி மாட்டு டாக்டர் ரெஜினாம்மா வந்தாக. டாக்டர் கல்லைத் தாண்டலாமான்னு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு, சினை ஊசியை மட்டும் கொண்டுவராம வந்தா தாண்டலாம்னு முடிவாச்சு. அவுகளும் மண்ணை நக்கிப் பாத்தாக, "ஆமா, இனிப்பாத்தான் இருக்கு"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டு, "மண்ணு என் வேலை இல்ல, மாடுதான் என் வேலை"ன்னு கன்னுகிட்ட உக்காந்தாக. அதோட ரத்தத்தையும் தொடையில துளிச் சதையையும் எடுத்துக்கிட்டுப் போனாக. கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வந்தப்ப முகம் சரியில்ல.

"இது சாமியும் இல்ல சாபமும் இல்லத்தா, சீக்கு. நாம திங்கிற தீனியில இருந்து உடம்பு சக்கரை எடுத்துச் சதைக்குள்ள சேத்து வைக்கும், வேணுங்கிறப்ப எடுத்துச் செலவழிக்கும். இதுக்குச் சேக்கத் தெரியுது, எடுக்கத் தெரியல. குதிர் நிறைய நெல்லு இருக்கு, குதிருக்கு வாய் இல்ல. வீட்டுக்குள்ள பட்டினி. காலு, நெஞ்சு எல்லாம் அப்படித்தான் கெட்டிப்பட்டுப் போச்சு. ரொம்ப நாள் தாங்காது."

"எப்படி வந்துச்சு டாக்டரம்மா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"ன்னு கேட்டா மீனாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. அப்பன்கிட்ட ஒரு பங்கு, ஆத்தாகிட்ட ஒரு பங்கு. ஒரு பங்கு மட்டும் வாங்குன மாடு நல்லாவே திரியும், பாத்தாத் தெரியாது. ரெண்டு பங்கும் சேந்து வந்துட்டா இப்படி. இதுக்கு அப்பன் எது?"

"கோயில்காளை."

"இதோட ஆத்தாளுக்கு?"

"அதுவும் கோயில்காளைதான். இதுக்கு முந்துன காளை."

டாக்டரம்மா திரும்பி அம்பலத்தைப் பாத்தாக. மீனாள் முந்தானையை முறுக்கிக்கிட்டே, மெதுவா, "இது மனுசருக்கும் வருமா?"ன்னு கேட்டா.

"மாட்டுல இருந்து மனுசருக்கு ஒட்டாது. ஆனா இதே மாதிரி சீக்கு மனுசருக்குத் தனியா உண்டு. கைக்குழந்தையில தலை நிக்காது, கை கால் துவளும். சொந்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்பக் கட்டுனா ரெண்டு பங்கும் சந்திக்கிறதுக்கு வழி ஜாஸ்தி. முன்னாலயே பாத்துட்டா பெரிய ஆஸ்பத்திரியில ஏதாவது பண்ணுவாக."

அம்பலத்துக்கு மீசை துடிச்சுச்சு. "சாமி மாட்டுக்குச் சீக்குன்னவுக, அடுத்து எங்க குலத்துக்கே சீக்கும்பீக. கெளம்புங்கம்மா"ன்னு டாக்டரம்மாவைக் கல்லு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்து, ஆடித் திருவிழாவுல செவலைக்கு மறுபடியும் கோயில்காளையை விடுறதுன்னும், பிறக்கப்போற அடுத்த சக்கரைச்சாமிக்கு இப்பவே சிமெண்டுல மண்டபம் கட்டுறதுன்னும் ஊருக்கூட்டத்துல சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனோம். நான் பூமாரியோட கையைப் பிடிச்சுத் தட்டவச்சேன், நான் விட்டதும் கை பொத்துன்னு விழுந்துச்சு. தூக்கக் கலக்கம்னு நினைச்சுக்கிட்டேன்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுன அன்னைக்கு மத்தியானம் எறும்பு தடம் மாறுச்சு. இம்புட்டு நாளும் மண்ணைத் தூக்கிட்டுச் சுவத்துப் பொந்துக்குள்ள போனதுக, அன்னைக்குத் தொழுவத்தை விட்டு வெளியேறி, தெருவுல இறங்கி, ஒரு சாண் அகலத்துக்குக் கருப்புப் பாய் விரிச்ச மாதிரி நகர ஆரம்பிச்சுச்சு. இனிப்பு இடம் மாறுதுடான்னு ஒருத்தன் கத்துனான். அம்பலம் தலைப்பாகையைக் கட்டிக்கிட்டு, "கருப்பரு புது இடம் காட்டுறாரு, எடுறா மேளத்தை"ன்னாரு. அவ்வளவுதான், மேளம் முன்னால, அம்பலம் பின்னால, சட்டி பானையோட பொம்பளைக அதுக்குப் பின்னால, எறும்பை மிதிச்சுடாம ஓரமாவே நடந்து, மந்தையைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டிக் கண்மாய்க் கரை மேல ஏறுனோம். மீனாள் கன்னைத் தனியா விடமாட்டா, ஆனா அன்னைக்கு அவளும் வந்தா. எறும்பு போற திக்கைப் பாத்ததும் அவ எல்லாருக்கும் முன்னால ஓட ஆரம்பிச்சா.

கரைக்கு அந்தப் பக்கம் பிஞ்சுமேடு. பல்லு முளைக்காம போற புள்ளைகளை நாங்க எரிக்கிறதில்ல, அங்க புதைச்சுத் தலைமாட்டுல ஒரு கல்லு வைப்போம். பேரு எழுதமாட்டோம், ஆனா எந்தக் கல்லு எந்த வீட்டுதுன்னு ஆத்தாக்காரிக்குத் தெரியும். எறும்பு அங்க போய் ஒத்தைத் தடமா இருந்தது பிரிஞ்சுச்சு, ஆத்துத் தண்ணி வாய்க்காலாப் பிரியிற மாதிரி கிளை கிளையாப் பிரிஞ்சு, சில கல்லை ஒதுக்கிட்டு, சில கல்லைச் சுத்தி மட்டும் வட்டம் போட்டுச்சு. மேளக்காரன் அடிச்ச கையைத் தூக்கினபடி நிறுத்திட்டான். சட்டி வச்சிருந்தவளுக ஒவ்வொருத்தியா வரிசையை விட்டு வெலகி, அவளவ கல்லுகிட்டப் போய் உக்காந்தாளுக. யாரும் யாரையும் பாக்கல.

அம்பலம் ஒரு கல்லுக்கு முன்னாடி நின்னுட்டாரு. அது அவரோட தலைப்புள்ள, அதுக்குப் பின்னாடிதான் இப்ப இருக்கிற மகன். அவரு குனிஞ்சு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்குல வச்சாரு. வச்ச வாயை மூடவே இல்ல. அந்தப் பெரிய மீசையில எச்சி வடிஞ்சுச்சு, தலைப்பாகையைக் கழட்டி முகத்தைப் பொத்திக்கிட்டு, "என் சாமி, இம்புட்டு இனிப்பை வச்சுக்கிட்டா பசிச்சுச் செத்த"ன்னு அழுதாரு. அந்தக் குரலை அதுக்கு முன்னாடி நாங்க கேட்டதில்ல.

மீனாள் தன் கல்லுகிட்ட இருந்து எந்திரிச்சா. வாயெல்லாம் மண்ணு. அவ சத்தம் போடல, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

"நான் வாயைத் துடைச்சேன். அன்னைக்கும் துடைச்சேன், எல்லா நாளும் துடைச்சேன். தொட்டிலுக்குக் கீழ தண்ணிக் கிண்ணம் வச்சேன், மஞ்சக்கோடு போட்டேன். எறும்பு என் மகன் வாய்ப்பாலுக்கு வரல, அவன் உடம்புக்குள்ள பூட்டிக் கிடந்த இனிப்புக்கு வந்துச்சு. உங்க வீட்டுக்கும் வந்திருக்கு, நீங்க ஒளிச்சுட்டீக, நான் ஒளிக்கத் தெரியாம மாட்டிக்கிட்டேன். இத்தனை வருசமா எனக்கு ஒரு பேரு வச்சீகளே, அதை இப்ப எங்க கொண்டுபோய் வைக்கப் போறீக?"

நான் பூமாரியை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்துனேன், அது தலை என் தோள்ல இருந்து பின்னால சரிஞ்சுச்சு, வெயிலு தாங்கலைன்னு முந்தானையைப் போட்டு மூடி அணைச்சுக்கிட்டேன்.

நாங்க திரும்பி வர்றப்ப கன்னு செத்துக் கிடந்துச்சு. பிஞ்சுமேட்டுலயே, மீனாள் மகனுக்குப் பக்கத்துலயே புதைச்சோம், வேண்டாம்னு யாரும் சொல்லல. வீட்டுக்கு வீடு பாகைக் கொண்டாந்து கண்மாயில கொட்டுனோம், என் கடைப் பாகையையும் கொட்டுனேன், ரெண்டு நாளைக்கு மீனு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு. திருவிழா நிக்கல, கருப்பருக்குக் கிடா வெட்டுனோம், ஆனா இனிப்புப் பொங்கலு வைக்கல. கோயில்காளையை யாரும் ஒண்ணும் பண்ணல, அது பாவம் என்ன செய்யும், இப்பவும் மந்தையில திரியுது, பசுக்களை மட்டும் அதுகிட்ட விடுறதில்ல.

செவலை பருவத்துக்கு வந்து கத்துன அன்னைக்கு மீனாள் அதைப் பிடிச்சுக்கிட்டுக் கல்லைப் பாத்து நடந்தா, டாக்டரம்மாகிட்ட வெளிமாட்டு ஊசி போட. கல்லுகிட்ட அம்பலம் நின்னுக்கிட்டு இருந்தாரு. மறிக்கப் போறாருன்னு நாங்க எல்லாரும் போய் நின்னோம். அவரு பசுவைப் பாத்தாரு, மீனாளைப் பாத்தாரு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓரமா நகந்து வழிவிட்டாரு. அவ போனா.

சாயங்காலம் அவ திரும்பி வர்றப்ப கல்லுகிட்ட அம்பலத்தோட மருமக சௌந்தரம் நின்னா, கையில புள்ள. அதுவும் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, தலை நிக்கிற வயசு வரல. அவ மீனாளை நேராப் பாக்க முடியாம, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்குத்தான் தெரியும். பாத்துச் சொல்லுங்கக்கா"ன்னு புள்ளையை நீட்டுனா. மீனாள் கயித்தைக் கீழ போட்டா. கையை ரெண்டு தரம் சேலையில துடைச்சா. அவ கையில ஒரு புள்ள இருக்கிறதை அன்னைக்குத்தான் மறுபடியும் பாத்தோம். மெல்லக் குனிஞ்சு அதோட நெத்தியில நாக்கை வச்சா, அது வீல்னு கத்துச்சு.

"உப்புடி!"ன்னா மீனாள். "உப்புக் கரிக்குதுடி சௌந்தரம், நல்ல வேர்வை, நல்ல உப்பு!" சௌந்தரம் கல்லு மேல சாஞ்சு ஓன்னு அழுதா, அம்பலம் திரும்பி நின்னுக்கிட்டாரு.

அதுக்கப்புறம் கேக்கணுமா, கைப்புள்ளைக்காரி அத்தனை பேரும் அங்கயே வரிசை கட்டிட்டாளுக. ஒவ்வொண்ணா வாங்கி, நெத்தியில நாக்கை வச்சு, உப்பு, உப்புன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தா, ஒவ்வொரு உப்புக்கும் குலவை போட்டோம். என் முறை வந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தேன், "எம் மக தங்கம், தொந்தரவே தராது"ன்னு சொல்லிக் குடுத்தேன். மீனாள் பூமாரி கழுத்துக்கு அடியில கையைக் குடுத்து வாங்குனா, நெத்தியில நாக்கை வச்சா.

வச்சவ எடுக்கல.

"சொல்லுடி உப்புன்னு"ன்னேன்.

அவ நிமிந்து என்னைப் பாத்தா. "பணியாரக் கையோட தூக்கியிருப்ப ராக்கு. அதான். கழுவிக் கொண்டா, மறுபடி பாப்போம்"னா.

நான் ஓடுனேன். வீட்டுல பானைத் தண்ணி முழுக்க ஊத்தி, சீயக்காய் போட்டு, பயத்தமாவு போட்டு, காது மடல், விரலிடுக்கு விடாமக் கழுவுனேன், என் கையை அடுப்புச் சாம்பல் போட்டுத் தோலு எரியிற வரைக்கும் தேய்ச்சேன், புதுத்துணியில சுத்திக்கிட்டுத் திரும்ப ஓடிவந்தேன். எல்லாரும் போயிருந்தாளுக. மீனாள் மட்டும் கல்லுகிட்ட உக்காந்திருந்தா, செவலை பக்கத்துல அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ என் மகளை வாங்கி மறுபடியும் நெத்தியில நாக்கை வச்சா, அப்புறம் கன்னத்துல, அப்புறம் அந்தத் துவண்ட உள்ளங்கால்ல. பூமாரி கண்ணை உருட்டி அவளையே பாத்துச்சு. அழுகல. ஒரு தரமாவது அழுதுரு தாயேன்னு நான் மனசுக்குள்ள கத்துனேன்.

மீனாள் புள்ளையை எங்கிட்டத் திருப்பிக் குடுக்கல. மடியில போட்டுக் கழுத்துக்கு அடியில கையை அணைவாக் குடுத்துக்கிட்டா.

"காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவோம், டாக்டரம்மா சொன்ன பெரிய ஆஸ்பத்திரிக்கு. நானும் வர்றேன். நீ போய்ப் படு ராக்கு. விடியிற வரைக்கும் நான் முழிச்சிருக்கேன், இவகிட்ட ஒரு எறும்பு அண்டாது."